விண்டோஸ் முன்னோட்டப் பதிப்பில் கோளாறா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் இயங்குதளத்தின் முடிவு பெறாத வடிவங்களைப் பொதுமக்கள் கையில் கொடுத்துச் சோதிக்கும் இன்சைடர் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2014 செப்டம்பர் இறுதியில், விண்டோஸ் 10 தொழில்நுட்ப முன்னோட்டத்தோடு சேர்த்து அறிவித்தது. சோதனைப் பதிப்பு யாருக்கு எவ்வளவு முன்னதாக வரும் என்பதைப் பிரித்த, ஃபாஸ்ட், ஸ்லோ என்று அழைக்கப்பட்ட வளையங்கள் 2020 ஜூனில் டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவியூ என்ற சேனல்களாக மாறின. 2023 மார்ச்சில், அவை எல்லாவற்றுக்கும் முந்தைய நிலையில் கேனரி என்ற சேனல் சேர்ந்தது. இந்த வழிமுறை பெரும்பாலும் கேனரி, டெவ் ஆகிய தொடக்க நிலைப் பில்டுகளுக்காக (எண்ணிட்டு வெளியாகும் ஒவ்வொரு வடிவமும் ஒரு பில்ட்) எழுதப்பட்டது. பீட்டாவுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முன்னோட்டப் பதிப்பில் ஒரு கோளாறு தோன்றியதும், அது உங்கள் கணினிக்கு மட்டும் வந்ததா, அந்தப் பில்டை நிறுவிய எல்லாருக்கும் வந்ததா என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை. உங்கள் கணினிக்கு மட்டும் வந்தது என்றால் டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்), வட்டு, அமைப்பு என்று தேடிச் சரிசெய்யலாம். பில்டோடு வந்தது என்றால் நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து எதை மாற்றினாலும் அது போகாது. அதோடு, மாற்றியவை எல்லாம் சேர்ந்து, பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் சிக்கலாக்கிவிடும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தப் பிரித்தறிதலுக்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

எதையும் தொடும் முன்: பில்ட் எண்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் வின்வெர் என்ற கட்டளையை இட்டால், பில்ட் எண்ணும், முன்னோட்டப் பதிப்பாக இருந்தால் அது காலாவதியாகும் நாளும் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கணினி நாளைக்குத் திறக்காமல் போனால் இந்தக் குறிப்பு தாளில்தான் இருக்க வேண்டும்.

பில்ட் எண்ணில் புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் வெவ்வேறு செய்தி சொல்கின்றன. விண்டோஸ் 11-இன் முதல் முன்னோட்டமாக 2021 ஜூன் 28 அன்று வந்த 22000.51 என்ற பில்டை எடுத்துக்கொள்வோம். 22000 என்பது அடிப்படை எண். 51 என்பது அதன் மேல் வந்த திருத்தத்தின் எண். அடுத்த வாரம் புள்ளிக்குப் பின்னுள்ள எண் மட்டும் மாறியிருந்தால், வந்தது சாதாரணப் புதுப்பிப்பு; அப்டேட் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய் அதை மட்டும் நீக்க முயலலாம். புள்ளிக்கு முன்னுள்ள எண்ணே மாறியிருந்தால், பெரும்பாலும் இயங்குதளம் முழுவதும் புதிதாக நிறுவப்பட்டு, பழையது வேறொரு கோப்புறையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். திரும்பும் வழி இரண்டுக்கும் வேறு. இதை அறியாமல், இல்லாத பொத்தானைத் தேடி நேரத்தை இழப்பவர்கள் பலர்.

ஒவ்வொரு பில்டும் வெளியாகும்போது அதன் அறிவிப்பில் தெரிந்த சிக்கல்கள் என்ற பகுதி இருக்கும். உங்கள் அறிகுறி அதில் இருந்தால், கணினியில் எதையும் மாற்றாமல் அடுத்த பில்டுக்குக் காத்திருங்கள். வேலை நின்றுபோகும் அளவுக்குக் கோளாறு பெரிது என்றால் முந்தைய பில்டுக்குத் திரும்புங்கள்.

பில்ட் வரவில்லை, அல்லது அறிவித்த வசதி தெரியவில்லை

இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் வேறு. பில்டே வரவில்லை என்றால், செட்டிங்ஸில் இன்சைடர் பக்கத்தைத் திறந்து அங்கே எச்சரிக்கை ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் செயல்பாட்டு விவரங்களான, விருப்பத்துக்குட்பட்ட டயக்னாஸ்டிக் தரவை மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பும் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் முன்னோட்டப் பில்டுகள் வருவதில்லை. தனியுரிமைக்காக அதை அணைத்து வைப்பது நல்ல பழக்கம்தான்; ஆனால் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர் அதை இயக்கி வைப்பது கட்டாயம். இன்சைடராகப் பதிந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு இணைப்பு அறுந்து நிற்பதும் உண்டு; அந்தப் பக்கத்திலேயே மீண்டும் உள்நுழைந்தால் சரியாகும்.

பில்ட் நிறுவப்பட்டு, எண்ணும் சரியாக இருந்து, அறிவிப்பில் சொன்ன வசதி மட்டும் இல்லை என்றால், பெரும்பாலும் அது கோளாறே அல்ல. புதிய வசதிகளை ஒரே பில்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் திறக்காமல், சிறு பங்கினருக்குத் திறந்து, சிக்கல் இல்லை என்று கண்ட பிறகே படிப்படியாக விரிவாக்குகிறார்கள். புதியவற்றை உடனுக்குடன் பெறுவதற்கென்று விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் உள்ள சுவிட்சை இயக்கி வைத்தால் வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது. இதற்காக இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டாம். மறைந்திருக்கும் வசதிகளை வலிந்து திறக்கும் வெளிக் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படித் திறந்தபின் வரும் கோளாறு பில்டைச் சேர்ந்ததா, திறந்த செயலைச் சேர்ந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பதிவிறக்கம் ஒரே விழுக்காட்டில் மணிக்கணக்கில் நின்றால், விண்டோஸ் அப்டேட் சேவையையும் பின்னணிப் பரிமாற்றச் சேவையையும் நிறுத்திவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்தக் கோப்புறை தானாகப் புதிதாக உருவாகி, பதிவிறக்கம் முதலிலிருந்து தொடங்கும்.

நிறுவல் பாதி வரை சென்று பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது

இந்த அறிகுறியில் விழுக்காட்டு எண்ணை விடப் பிழைக் குறியீடே பயன்படும். அப்டேட் வரலாற்றில் தோல்வியடைந்த பில்டுக்கு எதிரே குறியீடு இருக்கும். 80070070 என்று முடிந்தால் வட்டில் இடம் போதவில்லை. தேவையற்றதை நீக்கினால் போதும். சி1900101 என்று தொடங்கும் குடும்பம் பொதுவாக டிரைவர் தகராறைக் குறிக்கிறது. இந்தக் குறியீடு வந்தால் அச்சுப்பொறி, வெளி வட்டு, யூஎஸ்பி ஹப், ஆடியோ பெட்டி என்று சாவிப்பலகையும் மவுஸும் தவிர மற்ற அனைத்தையும் கழற்றிவிட்டு, வெளியார் ஆன்டிவைரஸ் இருந்தால் அதை அணைத்து வைப்பதோடு நிற்காமல் முழுவதும் நீக்கிவிட்டு, மறுபடி முயலுங்கள். அணைத்து வைத்த ஆன்டிவைரஸின் டிரைவர் நிறுவலின்போது ஏறத்தான் செய்யும் என்பதால் நீக்குவது முக்கியம்.

அதற்கும் மசியவில்லை என்றால் நிறுவல் எழுதிவைத்த பதிவுக் கோப்புகளைப் படிக்க வேண்டும். சி டிரைவில் மறைந்திருக்கும் நிறுவல் கோப்புறைக்குள், சோர்சஸ், பிறகு பாந்தர் என்று இறங்கினால் இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்று நடந்த அனைத்தையும் சொல்லும் நீண்ட பதிவு, மற்றது பிழைகளை மட்டும் சொல்லும் குறும்பதிவு. குறும்பதிவில் பிழை நேர்ந்த நேரத்தைக் கண்டுபிடித்து, நீண்ட பதிவில் அதே நேரத்துக்குச் சற்று மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். எந்த டிரைவரைத் தொட்டபோது நிறுவல் விழுந்தது என்பது பெரும்பாலும் அங்கே பெயரோடு இருக்கும். படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக மைக்ரோசாஃப்ட்டே செட்டப்டயாக் என்ற கருவியைத் தருகிறது. அது இதே பதிவுகளைப் படித்து, தோல்விக்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லும்.

சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், தொடக்கக் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி நிறைந்துவிட்டது என்று பொருள். சி டிரைவை எவ்வளவு காலி செய்தாலும் இது தீராது. அந்தப் பகுதியைக் கையால் திறந்து துப்புரவு செய்வதில் ஒரு பிழை நேர்ந்தாலும் கணினி தொடங்காது. எனவே முழு வட்டையும் நகல் எடுத்த பிறகே அதில் கை வையுங்கள்.

பச்சைத் திரை

விண்டோஸ் நிலைகுலையும்போது வரும் நீலத் திரையை (விண்டோஸ் 11-இல் 2025 முதல் அது கறுப்பு) எல்லாரும் அறிவார்கள். 2016 டிசம்பரில் கசிந்த 14997 பில்டிலிருந்து, இன்சைடர் பதிப்புகளில் மட்டும் அது பச்சையாகத் தோன்றுகிறது. விழுந்தது முன்னோட்டப் பதிப்புதான் என்பது ஒரு படத்தைப் பார்த்தவுடனேயே தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நிறம் வேறே தவிர, திரையின் அடியில் உள்ள ஸ்டாப் கோடு என்ற பிழைக் குறியீடு நீலத் திரையில் வருவதுதான். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை வந்து போனதா, ஒவ்வொரு தொடக்கத்திலும் வருகிறதா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. எப்போதாவது வருகிறது என்றால் ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்து பாருங்கள். நாள் வாரியாக எப்போது எது நிறுவப்பட்டது, எப்போது எது விழுந்தது என்று ஒரே வரைபடத்தில் காட்டும் இந்தக் கருவி விண்டோஸில் பல ஆண்டுகளாக இருந்தும் பலருக்குத் தெரியாது. பில்ட் நிறுவிய நாளிலிருந்தே விழுதல் தொடங்கியிருந்தால் சந்தேகம் பில்டின் மேல் செல்ல வேண்டும். நான்கு நாள் ஒழுங்காக ஓடி, ஐந்தாம் நாள் ஒரு டிரைவர் வந்தபின் தொடங்கியிருந்தால் அந்த டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். விழும்போது எழுதப்பட்ட மினிடம்ப் என்ற பதிவுக் கோப்பை, மைக்ரோசாஃப்ட்டின் பிழை ஆய்வுக் கருவியான வின்டிபிஜியில் திறந்தால் குற்றவாளியாக ஒரு கோப்பின் பெயரைக் காட்டும். அங்கே இயங்குதளத்தின் மையப் பகுதியான விண்டோஸ் கெர்னலின் பெயரே வந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஏதோ ஒரு டிரைவர் நினைவகத்தைக் கெடுத்துவிட்டு நகர்ந்த பிறகு, அந்தக் கெட்ட இடத்தில் கால் வைத்தது கெர்னலாக இருக்கலாம்.

ஒவ்வொரு தொடக்கத்திலும் பச்சைத் திரை வந்தால், கணினி தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறியதும் மீட்புச் சூழல் தானாகத் திறக்கும். திறக்கவில்லை என்றால், விண்டோஸ் சின்னம் தோன்றும்போது பவர் பொத்தானைப் பிடித்து அணைப்பதை மூன்று முறை செய்து அதை வரவழைக்கலாம். அங்கே மேம்பட்ட வழிகளுக்குள் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸைத் தேர்ந்து, மறுதொடக்கத்துக்குப் பின் 4 என்ற எண்ணை அழுத்தினால், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடு வரும். சேஃப் மோடில் கணினி அமைதியாக ஓடினால் டிரைவர்தான் காரணம் என்பது ஏறத்தாழ உறுதி. சேஃப் மோடிலும் விழுந்தால், மீட்புச் சூழலுக்கே திரும்பி, புதுப்பிப்புகளை நீக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அண்மைய தரப் புதுப்பிப்பு, அண்மைய வசதிப் புதுப்பிப்பு என இரண்டு இருக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண் மாறியதிலிருந்து கோளாறு என்றால் முதலாவது. முன்னுள்ள எண் மாறியதிலிருந்து என்றால் இரண்டாவது. தொடக்கத்தில் குறித்த தாள் இங்கேதான் உதவும்.

மீட்புச் சூழலுக்குள் நுழையும்போது 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்டு நிற்பதைக் கண்டு பலர் அதையே புதிய கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, தொடங்கும் முறை வழக்கத்துக்கு மாறியிருக்கிறது, எனவே பூட்டைத் திறக்கச் சாவி கேட்கிறது, அவ்வளவுதான். ஹோம் பதிப்பு மடிக்கணினிகளிலும், நீங்கள் கேட்காமலே இந்தக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கக் கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினிகளின் பட்டியலில் உங்கள் கணினியைத் தேர்ந்தால் மீட்பு எண் கிடைக்கும். இதை முன்னோட்டப் பதிப்பை நிறுவும் நாளிலேயே எழுதி வையுங்கள். அந்த எண் எங்கும் இல்லை என்றால் வட்டில் இருந்தவற்றை யாராலும் மீட்க முடியாது.

ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் அசையவில்லை

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பாருக்கு உயிர் வந்து, நாளெல்லாம் நிலைத்திருந்தால் அது தற்காலிகத் தடங்கல். சில நிமிடங்களில் மறுபடி உறைந்தால், புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். புதிய கணக்கில் எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது. அங்கும் அதே நிலை என்றால் பில்டை நோக்கியே கை நீள வேண்டும்.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. 2021 செப்டம்பர் 2 அன்று, விண்டோஸ் 11 முன்னோட்டத்தை டெவ், பீட்டா சேனல்களில் பயன்படுத்தியவர்களுக்கு ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் உறைந்தன, செட்டிங்ஸ்கூடத் திறக்கவில்லை. பில்டின் நிரலில் எந்த மாற்றமும் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிலிருந்து இன்சைடர்களுக்கு அனுப்பப்பட்ட ஒன்றுதான் காரணம் என்று விரைவில் கண்டுபிடித்து, அந்த அனுப்புதலை நிறுத்தினார்கள். ஏற்கெனவே உறைந்த கணினிகளுக்கு, டாஸ்க் மேனேஜர் வழியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, நடப்புப் பயனரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தொகுப்பில்) ஐரிஸ் சர்வீஸ் என்ற ஒற்றைக் கிளையை நீக்கி மறுதொடக்கம் செய்யும்படி வழி சொன்னார்கள். செய்தவுடன் டாஸ்க்பார் திரும்பியது. அன்றைக்குப் பொறுமையிழந்து வட்டை அழித்து நிறுவியவருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிக் கட்டளை மட்டுமே. ஆகவே, நேற்று வரை நன்றாக ஓடிய பில்ட், நீங்கள் எதையும் நிறுவாத நிலையில் இன்று திடீரென்று உறைந்தால், ஒரு நாள் பொறுத்திருந்து, இன்சைடர் அறிவிப்புகளைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கணினிச் சிக்கல் எதுவானாலும் எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டு, டிஸம் கட்டளையை ஓட்டு என்று முதல் மருந்தாகச் சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அவை சிதைந்துபோன சிஸ்டம் கோப்புகளை நல்ல நகலால் மாற்றித் தருபவை. முன்னோட்டப் பில்டில் அந்த நல்ல நகலிலேயே பிழை இருக்கக் கூடும். அப்போது இவை வெற்றி என்று சொல்லி முடியும். கோளாறு அப்படியே இருக்கும். மின்தடையில் கணினி அணைந்த பிறகோ, நிறுவல் நடுவில் நின்ற பிறகோ இவற்றை ஓட்டுவதில் பொருள் உண்டு. மற்ற நேரங்களில் அவசரம் இல்லை.

கறுப்புத் திரை, மவுஸ் அம்பு மட்டும்

விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். ஒரு சிறு ஒலியும் கேட்கலாம். திரை திரும்பினால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பண்புகளைத் திறந்து, டிரைவர் தாவலில் ரோல் பேக் கொடுத்து முந்தைய டிரைவருக்குச் செல்லுங்கள். திரும்பாவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அது திறந்தால், உறைந்தது எக்ஸ்ப்ளோரர்தான் என்பதால் முந்தைய பகுதியில் சொன்னபடி செய்யலாம். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் எதற்கும் முன் ஒரு திரையின் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஒலி இல்லை, வைஃபை இல்லை, கைரேகை ஏற்கவில்லை

புதிய பில்ட் பொதுவான டிரைவரை இட்டு, மடிக்கணினி நிறுவனம் கொடுத்த டிரைவரை மேலெழுதிவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக், அது மங்கியிருந்தால் நிறுவனத்தின் டிரைவரைக் கையால் நிறுவுதல், இவ்விரண்டில் ஒன்று போதும். வைஃபையே போய்விட்டால் டிரைவரை எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம். கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

தமிழ் எழுத்து உடைகிறது

இந்த அறிகுறியைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஒலி போனால் உலகம் முழுவதும் உடனே புகார் எழும். தமிழ் எழுத்து உடைந்தால் நாம் சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

முதலில் உடைந்திருப்பது எப்படி என்று உற்றுப் பாருங்கள். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் அந்த இடத்தில் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை. விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு நிர்மலா யூஐ எழுத்துருவே அடிப்படை. அதற்கு முன் பல்லாண்டுகள் இருந்த லதாவும், உடன் வந்த விஜயாவும் விண்டோஸ் 10-லிருந்து தமிழ்க் கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டன. முன்னோட்டப் பதிப்பைப் புதிதாக நிறுவியதும், லதாவில் அமைத்த பழைய ஆவணங்களில் வரிகள் இடம் மாறி, பக்கங்கள் கூடினால் அது பில்டின் பிழை அல்ல. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குச் சென்று அந்தத் தொகுப்பை நிறுவுங்கள். ஆவணம் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

எழுத்துகள் தெரிந்து, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி, நடுவில் புள்ளிகளால் ஆன வட்டம் தோன்றினால், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பகுதியில் தகராறு. அதே வரியை நோட்பேடிலும் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸிலும் ஒட்டிப் பாருங்கள். இந்த உலாவிகள் எழுத்தைக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் என்ற தங்கள் சொந்த நிரலைப் பயன்படுத்துகின்றன; நோட்பேடு விண்டோஸின் நிரலை நம்பியிருக்கிறது. உலாவியில் சரியாகவும் நோட்பேடில் உடைந்தும் தெரிந்தால் கோளாறு விண்டோஸ் பில்டில் இருக்கிறது. அது கட்டாயம் புகாராகச் செல்ல வேண்டும். இரண்டிலும் உடைந்திருந்தால் உரையே தவறான வரிசையில் தட்டச்சாகியிருக்கிறது, அல்லது எழுத்துரு பழுதாகியிருக்கிறது.

விசைப்பலகையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கொக்கு என்ற சொல்லின் முதலெழுத்தான கொ-வை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். க மட்டும் எஞ்சினால் சரி. ஒகரக் குறி ஒற்றைக் குறியாகப் பதிவாகியிருக்கிறது. கெ எஞ்சினால், அந்த விசைப்பலகை ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாக இட்டிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கருதத் தெரியாத மென்பொருளில், கொக்கு என்று தேடினால் நீங்களே எழுதிய கொக்கு கிடைக்காது. கொ, போ, கௌ மூன்றையும் இப்படிச் சோதித்துவிட்டு, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றைத் தட்டச்சு செய்து அவை ஒரே உருவாகச் சேர்கின்றனவா என்றும் பாருங்கள். ஒவ்வொரு பில்டிலும் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவது என் வழக்கம்.

விண்டோஸின் முகப்பு மொழியாகத் தமிழை வைத்திருப்பவர்களுக்குச் சில பட்டிகள் மட்டும் ஆங்கிலத்தில் தெரியலாம். புதிய வசதிகளின் சொற்கள் மொழிபெயர்க்கப்பட்டு வரும் முன்பே பில்ட் வெளியாகிவிடுவதால் அது எதிர்பார்க்கக் கூடியதே. அதைப் பிழை என்று புகாரிட வேண்டியதில்லை. ஆனால் வந்த மொழிபெயர்ப்பு தவறாக இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

காலாவதி எச்சரிக்கை வருகிறது, கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது

ஒவ்வொரு முன்னோட்டப் பில்டுக்கும் ஆயுள் உண்டு. நாள் நெருங்கும்போது எச்சரிக்கைகள் வரும். நாள் கடந்தபின் கணினி சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக மறுதொடக்கம் ஆகும். கடைசியில் தொடங்கவே தொடங்காது. எச்சரிக்கைக் காலத்திலேயே புதிய பில்டை நிறுவுவதுதான் தீர்வு. அப்டேட் பக்கம் எதையும் தரவில்லை என்றால், முன்னர் சொன்ன டயக்னாஸ்டிக் தரவு அமைப்பையும் கணக்கு இணைப்பையும் பாருங்கள். மாதக்கணக்கில் அணைத்து வைத்திருந்த சோதனைக் கணினியை எடுத்து இயக்கும்போது இது அடிக்கடி நேரும். இறுதிப் பதிப்பு வெளியாகும் நாள் நெருங்கும் காலத்தில் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள முன்னோட்ட முத்திரை மறைந்துவிடுவதுண்டு. முத்திரை இல்லை என்பதால் காலாவதி இல்லை என்று எண்ண வேண்டாம். வின்வெர் காட்டுவதே உண்மை.

எதுவும் பலிக்கவில்லை: பின்வாங்கும் வழிகள்

புள்ளிக்கு முன்னுள்ள எண் மாறிய பில்டை நிறுவியதிலிருந்து 10 நாள்களுக்குள், செட்டிங்ஸின் ரெக்கவரி பக்கத்தில் உள்ள கோ பேக் பொத்தான் உங்களை முந்தைய பதிப்புக்குக் கொண்டு செல்லும். வட்டில் உள்ள விண்டோஸ் ஓல்டு என்ற கோப்புறைதான் இதற்கு ஆதாரம். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பை ஓட்டி அதை அழித்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். ஆகவே பில்ட் நிறுவிய முதல் வாரத்தில் எந்தத் துப்புரவுக் கருவியையும் ஓட்டாதீர்கள். டிஸம் கருவியைக் கொண்டு இந்த 10 நாளை 60 நாள் வரை நீட்டலாம். நிறுவிய உடனேயே, கோளாறு எதுவும் இல்லாதபோதே, இதைச் செய்துவிட வேண்டும்.

கெடு கடந்த பின் கேனரியிலிருந்து கீழ்ச் சேனலுக்கு இறங்க, வட்டை அழித்துப் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழி இல்லை. டெவ் சேனலின் பில்ட் எண் பீட்டாவின் எண்ணைத் தாண்டிய பிறகும் இதே நிலைதான். ஆகவே உங்கள் ஒரே கணினியில், அதுவும் கல்லூரித் திட்டமோ கடைக் கணக்கோ இருக்கும் கணினியில், கேனரியை நிறுவ வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உள்ள ஹைப்பர்-வியில் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, அதற்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டும் கொடுத்து, பாதுகாப்புப் பக்கத்தில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை இயக்கினால் விண்டோஸ் 11 முன்னோட்டம் அதில் ஓடும். பில்ட் மாறும் முன் ஒரு செக்பாயிண்ட் (மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்தால் பின்வாங்க ஒரு நிமிடம் போதும்.

கண்ட பிழையைச் சொல்வது

விண்டோஸ் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் ஃபீட்பேக் ஹப் திறக்கும். அங்கே எழுதுவது எப்படி என்பது அற்ப விஷயமல்ல. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, ஆவணக் கோப்புறைகளை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்த சிலரின் பழைய இடத்தில் எஞ்சியிருந்த கோப்புகளை அழித்துவிட்டது. அக்டோபர் 6 அன்று வெளியீட்டை நிறுத்தினார்கள். நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அந்த அழிவைப் பற்றி இன்சைடர்கள் வெளியீட்டுக்கு முன்பே ஃபீட்பேக் ஹப்பில் எழுதியிருந்தார்கள். ஆதரவு வாக்குகள் குறைவாக இருந்ததால் அவை குவியலுக்குள் புதைந்து போயின. அதன் பிறகு, பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று புகாரிலேயே குறிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. கோப்பு அழிந்தது, கணினி தொடங்கவில்லை போன்றவற்றுக்கு அதைத் தயங்காமல் உச்சத்தில் வையுங்கள். சின்னஞ்சிறு குறைக்கு அப்படிச் செய்யாதீர்கள்.

தமிழ் வேலை செய்யவில்லை என்று தலைப்பிட்டால் அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். நோட்பேடில் நிர்மலா யூஐ எழுத்துருவில் கொ என்று தட்டச்சு செய்தால் கொம்பு விலகிப் புள்ளி வட்டம் வருகிறது, முந்தைய பில்டில் வரவில்லை என்று தலைப்பிலேயே எழுதுங்கள். எந்த மென்பொருள், எந்தச் செயல், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எப்போதிலிருந்து என்ற ஐந்தும் முதல் இரண்டு வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பவர் கூடுவர் என்பதால், விளக்கத்தை எளிய ஆங்கிலத்தில் வைத்து, உடைந்த தமிழ் வரியை அப்படியே ஒட்டி, திரைப்பிடிப்பும் இணையுங்கள். பிழையை மீண்டும் நிகழ்த்திப் பதிவு செய்யும் வசதி அதே படிவத்தில் உள்ளது. அதை இயக்கிவிட்டுப் பிழையை ஒரு முறை செய்து காட்டினால், பொறியாளருக்குத் தேவையான பதிவுகள் தானாக இணையும். இதே பிழையை வேறொருவர் முன்பே எழுதியிருந்தால் புதிதாக ஒன்று தொடங்காமல் அதற்கு வாக்களித்து, அதன் கீழே உங்கள் பில்ட் எண்ணையும் கணினி விவரத்தையும் சேர்த்துவிடுங்கள்.